பதினோராம் நம்பர் துப்பாக்கி

கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லும் நல்ல பழக்கம் இன்ஸ்பெக்டர் ஜெபக்கனிக்குக் கிடையாது. கரட்டு மலை அடிவாரத்தில் இருந்த போலீஸ் துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் ஆயுதக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. பழுதான துப்பாக்கிகளும் அங்கே வரும், பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள ஆட்களும் வருவார்கள். துப்பாக்கிகள் சீக்கிரம் சரியாகித் திரும்பிவிடும். ஆட்களுக்குத்தான் நாளாகும்.

அப்படி வந்தவர்களில் தலைமைக் காவலர் தவசிமுத்துவும் ஒருவர். ஆசிரியரைவிட மாணவர் மூத்தவர், அதுவும் நன்றாகவே மூத்தவர். அவர் குறி பார்த்துச் சுட்டால் தப்பாது என்று மாநிலம் முழுக்கப் பேர். கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆனதும், இனிமேல் சுட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துப்பாக்கியை விட்டுவிட்டு அவர் எங்கே போவார்? சுடத்தான் முடியாது, பழுதாவது பார்ப்போம் என்று மாற்றல் கேட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

ஆசிரியர் மாணவரை அண்ணாச்சி என்றார். மாணவர் ஆசிரியரை மேடம் என்றார். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

அவர் வந்த கொஞ்ச நாளில் அவருடைய பழைய படைப்பிரிவின் துப்பாக்கிகளும் வந்து இறங்கின. தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடுகிற துப்பாக்கிகள் அவை. எல்லாவற்றுக்கும் புதிதாக சைலன்சர் மாட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வெடிச் சத்தம் அடங்கும், எங்கிருந்து சுட்டார்கள் என்று எதிராளிக்குத் தெரியாது, சுடுகிறவர் காதும் பிழைக்கும். சைலன்சர் நேராகப் பொருந்தாத துப்பாக்கிக்கு வாயில் சிவப்புத் துணி கட்டித் தனியே வைத்துவிட வேண்டும். அதைப் பிறகு அறுத்துப் போட்டுவிடுவார்கள். பேரலின் நுனியை வெட்டிப் புதிதாகத் திருகு மரை போடலாமா என்று ஒருவர் எழுதிக் கேட்டதற்கு, கூடாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

வந்தவற்றில் ஒன்றின் கட்டையில் பதினொன்று என்று நம்பர் அடித்திருந்தது. அது தவசிமுத்துவின் துப்பாக்கி. அரசாங்கத்தின் துப்பாக்கிதான், ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது? பிறத்தியார் எண்ணெய் போட்டால்கூட அவர் துடைத்துவிட்டுத் தன் எண்ணெயைப் போடுவார். குழுப் போட்டிக்குக் கூப்பிட்டால் போகமாட்டார். தானும் பதினொன்றும் போதும் என்பார். அவர் வாங்கிய பதக்கமெல்லாம் அதைப் பிடித்து வாங்கியதுதான். இப்போது அது யாஸ்மின் என்ற காவலருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் நன்றாகச் சுடுவாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவருக்கு மனசு ஆறவில்லை. இருந்தாலும், யார் கையிலாவது அது வெடித்துக்கொண்டிருக்கட்டும் என்று தேற்றிக்கொண்டார்.

சைலன்சர் மாட்டுவது பார்க்க எளிதான வேலை. பேரலின் வாயில் மரை இருக்கும். அதில் மவுண்ட் என்கிற இரும்பு வளையத்தைத் திருகி, அதன்மேல் சைலன்சரைப் பூட்ட வேண்டும். மாட்டியபின்தான் சோதனை. துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே தோட்டா இல்லை என்று விரலை விட்டும் பார்த்துவிட்டு, பேரலின் துளைக்குள் சிக்கென்று போகிற ஓர் எஃகுக் கம்பியை விடுவார்கள். சைலன்சரின் மறுமுனையில் எட்டிப் பார்த்தால், அங்கே உள்ள ஓட்டைக்கு நட்டநடுவில் கம்பி நிற்க வேண்டும். சைலன்சருக்குள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். கம்பி ஒரு பக்கம் ஒட்டினால் குண்டும் அந்தப் பக்கத்துத் தட்டில் உரசும். உரசினால் என்ன ஆகும் என்று முதல் நாளே ஜெபக்கனி ஒரு கிழிந்த சைலன்சரைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். பாடம் அவ்வளவுதான்.

மற்றத் துப்பாக்கிகளுக்கெல்லாம் தவசிமுத்து ஒரு காலைப்பொழுதில் மாட்டி முடித்தார். கம்பி நடுவில் நின்றது. பதினொன்றைக் கடைசிக்கு வைத்திருந்தார், விருந்தில் பாயசத்தை வைப்பதுபோல. அதில் கம்பி வலப்பக்கமாக ஒட்டியது.

கழற்றித் துடைத்து மாட்டினார். வலப்பக்கம்தான். மரையைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினார். அப்போதும் வலப்பக்கம்தான். எழுந்து ஜெபக்கனியின் மேசைக்குப் போனார்.

"மேடம், பதினொண்ணுல கம்பி ஒரு பக்கமா ஒட்டுது. பேரல் கோணலா, சைலன்சர் கோணலா, அத எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நீங்க எதுன்னு நெனைக்கீய?"

"சைலன்சர்தான் மேடம்."

"எத வச்சு?"

"அது புதுசு. பேரலை எனக்குத் தெரியும்."

ஜெபக்கனி அவரை ஒரு தடவை பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

சரி என்றால் என்ன அர்த்தம்? சரியாகச் சொன்னீர்கள் என்றா, சரி போங்கள் என்றா? மனிதருக்கு எது வசதியோ அதுதான் காதில் விழும். தவசிமுத்து முதலாவதை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்.

குறிசுடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குண்டு இடப்பக்கம் விழுந்தால் குறிக் கண்ணாடியின் திருகை வலப்பக்கம் கொஞ்சம் திருப்புவார்கள். காற்றால் விலகியதா, வெயிலால் விலகியதா என்று விசாரித்துக்கொண்டிருந்தால் போட்டி முடிந்துவிடும். எவ்வளவு விலகியதோ அவ்வளவு எதிர்ப்பக்கம் திருப்பு, அடுத்த குண்டு நடுவில் விழும். இந்தக் கணக்கை வைத்தே அவர் வாழ்நாளெல்லாம் ஜெயித்திருக்கிறார். இப்போதும் கை அதே வழியில் போனது.

லேத்து அறையில் மெல்லிய பித்தளைத் தகடு கிடந்தது. அதில் நகக்கண் அளவுக்குப் பிறை மாதிரி ஒரு துண்டை வெட்டினார். மவுண்ட் போய் முட்டுகிற இடத்தில், பேரலின் ஒரு பக்கத்தில் அதைச் செருகி, மவுண்ட்டைத் திருகி இறுக்கினார். சைலன்சரைப் பூட்டினார். கம்பியை விட்டு எட்டிப் பார்த்தார். கொஞ்சம் பத்தவில்லை. இன்னொரு துண்டு, இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டிச் செருகினார். கம்பி நட்டநடுவில் வந்து நின்றது.

அந்தச் சமயத்தில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். புரை எடுத்த கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினொன்றைத் தட்டிக்கொடுத்தார். சாப்பாடே வேண்டாம் போலிருந்தது.

ஜெபக்கனி கை கழுவிவிட்டு வந்ததும், சைலன்சரில்தான் கோளாறு, சரி பண்ணிவிட்டேன் என்று தவசிமுத்து சொன்னார். எப்படிச் சரி பண்ணினீர்கள் என்று ஜெபக்கனி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தவசிமுத்து சொல்லியிருப்பார், மறைக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. ஜெபக்கனி கம்பியை விட்டுப் பார்த்தார். அழகாக நிற்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு யாஸ்மினை வரச் சொன்னார்.

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் மாட்டியதை அப்படியே ஒப்படைக்கக் கூடாது. எந்தக் காவலர் அதை வைத்துச் சுடப் போகிறாரோ, அவரே வந்து மவுண்ட் வரை முழுதும் கழற்றி, தன் கையால் மறுபடி மாட்டி, கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். மாட்டிக் கொடுத்தவர் அந்நேரம் நாலடி தள்ளி நின்று கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். வாயும் திறக்கக் கூடாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் ஜெபக்கனிதான். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

யாஸ்மின் வந்தாள். சாயங்காலம் பதினொன்றை வைத்துச் சுடப் போகிறோம் என்ற குஷி அவள் நடையிலேயே தெரிந்தது. தவசிமுத்துவுக்கு சல்யூட் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி, கவனித்துப் பார்க்காமலே எண்ணெய்த் துணியால் விறுவிறுவென்று ஒரு துடை துடைத்து, திரும்ப மாட்டினாள். கம்பியை விட்டு எட்டிப் பார்த்தாள்.

"கீழ ஒட்டுது மேடம்."

கீழேயா? தவசிமுத்துவால் தாங்க முடியவில்லை. கடைசித் திருப்பை ரொம்ப இறுக்கிவிட்டாய், கொஞ்சம் விட்டுப் பிடி என்று சொல்லிவிட்டார். ஜெபக்கனி அவர் பக்கம் திரும்பினார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

யாஸ்மின் மறுபடி கழற்றினாள், மாட்டினாள். இந்தத் தடவை கம்பி மேலே இடது ஓரத்தில் போய் ஒட்டியது. தவசிமுத்துவின் கால் தானாக முன்னே நகர்ந்தது. ஒரு கை மவுண்ட்டை நோக்கி நீண்டுவிட்டது.

"அண்ணாச்சி, கை" என்றார் ஜெபக்கனி.

அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். வகுப்பில் நிற்க வைத்த பிள்ளைபோல இருந்தது அவருக்கு. இப்படிக் கொடு, நான் மாட்டினால் நடுவில் நிற்கும் என்று சொல்லத் துடித்தார். அது உண்மையும்கூட. அவர் மாட்டினால் நின்றிருக்கும்.

மூன்றாவது தடவை கழற்றியபோது யாஸ்மினின் விரலில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. நசுங்கிச் சுருண்டு போயிருந்த பித்தளைத் துண்டு. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏட்டையா, இது என்னதுங்க?"

சைலன்சர் சரியாக உட்காரவில்லை, அதற்காக ஒரு சின்ன முட்டுக்கொடுத்தேன் என்றார் தவசிமுத்து. சொல்லும்போதே அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

யாஸ்மின் கோபப்படவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"இது உள்ள நகர்ந்து, குண்டு தட்டுல உரசுச்சுன்னா என்ன ஆகும் ஏட்டையா?"

"சைலன்சர் கிழியும்."

"கிழிஞ்சா?"

"பக்கத்துல யாரு இருந்தாலும் ஆபத்துதான்."

"பக்கத்துல நான்தான ஏட்டையா இருப்பேன்?"

அவளுக்கு ஒன்று ஆக வேண்டும் என்று தவசிமுத்து கனவிலும் நினைத்ததில்லை. அவளுக்கு என்ன ஆகும் என்றும் நினைக்கவில்லை, அதுதான் உண்மை. காலையிலிருந்து அவர் பதினொன்றைத் தவிர வேறெதையும் நினைக்கவே இல்லை. வெட்கப்பட்டுப் பழக்கமில்லாத மனிதர். இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மலையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

ஜெபக்கனி திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெபக்கனி எழுந்துபோய், காலையில் மாட்டிய சைலன்சர்களையெல்லாம் மவுண்ட்டோடு கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் பரப்பினார்.

"ஒவ்வொண்ணா பதினொண்ணுல மாட்டிப் பாருங்க அண்ணாச்சி."

"எல்லாத்தையுமா மேடம்?"

"நீங்க கேட்ட கேள்விக்குப் பதில்தான."

தவசிமுத்து உட்கார்ந்தார். முதல் சைலன்சரை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இப்படி மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது தொழிலுக்கு வந்த புதுசில் எவருக்கும் தோன்றும். தனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லையா, தோன்றவிடவில்லையா? கை மெதுவாக மரையைத் திருகிக்கொண்டிருந்தது.

கம்பி வலப்பக்கம் ஒட்டியது. அடுத்ததை மாட்டினார். வலப்பக்கம். எதை மாட்டினாலும், மாடு தன் கட்டுத்தறிக்கு வருகிற மாதிரி கம்பி அதே வலப்பக்கத்துக்கே வந்து நின்றது. காலையில் இந்தச் சைலன்சர்கள் எல்லாம் மற்றத் துப்பாக்கிகளில் நேராக நின்றவைதான்.

தவசிமுத்து தானாகவே எழுந்து, தான் குற்றம் சொன்ன சைலன்சரை எடுத்துக்கொண்டுபோய் வேறொரு துப்பாக்கியில் மாட்டினார். முட்டு எதுவும் கொடுக்கவில்லை. கம்பி நட்டநடுவில் நின்றது.

லென்சை எடுத்துப் பதினொன்றின் வாயை உற்றுப் பார்த்தார். இப்போது பார்த்தால் தெரிந்தது. மரை போட்டவன் பேரலின் வெளிப்புறத்தை வைத்து மரை போட்டிருக்கிறான். உள்ளே துளை அதற்கு நடுவில் இல்லை, ஒரு மயிரிழை விலகியிருக்கிறது. அந்த மரையில் இத்தனை காலமும் தூசி போகாமல் இருக்க ஒரு சின்ன மூடிதான் திருகியிருந்தது. சுடும்போது அதையும் தவசிமுத்து கழற்றிவிடுவார். விலகல் அன்றைக்கும் இருந்தது, யாருக்கும் தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை.

"நான் கேட்டப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம். மாத்தி மாட்டிப் பாருன்னு."

"சொல்லியிருக்கலாம்" என்றார் ஜெபக்கனி. "சொல்லியிருந்தா பேரல்தான் கோணல்னு தெரிஞ்சு, அதக் காப்பாத்த அந்தத் தகட்ட இன்னும் நல்லா வெட்டியிருப்பீய."

அவர் அதை மறுக்கப் பார்த்தார். மறுக்க முடியவில்லை. தன்னைப் பற்றி அவருக்குத் தெரியும்.

சிவப்புத் துணி அலமாரியில் இருந்தது. யார் எடுத்துக் கட்டுவது? யாஸ்மின் ஜெபக்கனியைப் பார்த்தாள், ஜெபக்கனி தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். கடைசியில் தவசிமுத்துதான் எழுந்துபோய் ஒரு முழம் கிழித்துக்கொண்டு வந்தார். துப்பாக்கி மேசையில் ஆடிக்கொண்டே இருந்ததால் ஒரு கையால் முடிச்சுப் போட வரவில்லை. யாஸ்மின் தயங்கித் தயங்கி அருகில் வந்து, பிடிக்கட்டுமா ஏட்டையா என்று கேட்டாள். பிடி என்றார். அவள் பேரலைப் பிடித்துக்கொள்ள, அவர் கட்டினார். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. அவள் அவசரப்படாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவள் வேறொரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போனாள். அதற்கு சைலன்சர் மாட்டியதும் தவசிமுத்துதான். அவள் கழற்றி மாட்டிப் பார்த்தபோது அவர் நாலடிக்குப் பதில் எட்டடி தள்ளி நின்றார். கொஞ்ச நேரத்தில் தளத்திலிருந்து சத்தம் வந்தது, வெடிபோல இல்லை, யாரோ பாயை உதறியதுபோல. ஒவ்வொரு தடவையும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எல்லாம் ஒரே மாதிரி, சீராக வந்தன.

ஜெபக்கனி அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். தவசிமுத்து பதினொன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்பதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"மேடம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இத்தன வருஷத்துல இது ஒரு குண்டுகூட விலகிப் போனதில்ல. நான் பார்த்திருக்கேன். நேராத்தான சுட்டுச்சு?"

ஜெபக்கனி பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டு விழுந்திருந்தது.

"நேராத்தான் சுட்டுச்சு அண்ணாச்சி. அப்ப அது தனியா இருந்துச்சுல்லா."